அயர்லாந்தின் காஸில்பாருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு, கேலிக் (Gaelic) கால்பந்து பற்றி

தம்பி, வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, திங்கட்கிழமை ஆனால் கேன்டீனில் எல்லோரும் மேட்ச் பற்றியே பேசுகிறார்கள், அது நமக்குத் தெரிந்த ஃபுட்பாலும் இல்லை, ரக்பியும் இல்லை, பேச்சில் கலந்துகொள்ளவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூட வேலை பார்ப்பவர் வரும் ஞாயிறு ஊர் ஸ்டேடியமான மக்ஹேல் பார்க்குக்குக் கூப்பிட்டிருக்கிறார், போனால் வெளியாள் என்று ஒதுக்குவார்களா, எட்டு வயது மகளைக் கிளப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஞாயிறு கட்டாயம் போங்கள். ஆனால் அதற்கு முன்பே, இந்த வாரமே, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளப் மைதானத்துக்கு ஒரு சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்து போய்விட்டு வாருங்கள். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். இந்த ஆட்டத்துக்கு வாசல் கிளப். ஸ்டேடியம் எல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஆட்டத்தை நடத்தும் ஜி.ஏ.ஏ. என்கிற அமைப்பு 1884 நவம்பரில் டிப்பரேரியின் தர்ல்ஸ் ஊரில், ஒரு ஹோட்டல் அறையில் தொடங்கியது. இன்றைக்கும் இதில் விளையாடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினின் பெரிய மைதானமான குரோக் பார்க்கில் எண்பதாயிரம் பேருக்கு முன்னால் ஆடுகிறவர் மறுநாளோ அதற்கு மறுநாளோ வேலைக்குப் போய்விடுவார். ஆசிரியர், போலீஸ்காரர், விவசாயி, பேங்க்கில் இருப்பவர், படிக்கிற பையன் என்று எல்லா வகையும் உண்டு. ஆளை விலைக்கு வாங்கி அணி சேர்க்கும் பழக்கமே இல்லை. எந்த ஊரோ அந்த ஊர் கிளப். அதில் நன்றாக ஆடினால் அந்தக் கவுண்டியின், நம் ஊர்க் கணக்கில் மாவட்டத்தின், அணி. அதனால்தான் உங்கள் கேன்டீனில் ஆட்டக்காரர்களை முதல் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். அவர்கள் டிவியில் வரும் ஆட்கள் இல்லை, அண்ணன் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும். என் மகளுக்குக் கணக்கு எடுத்த சாரைச் சனிக்கிழமை ராத்திரி கவுண்டி ஜெர்சியில் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை கண்ணுக்குக் கீழே வீங்கிய காயத்தோடு வகுப்புக்கு வந்தாராம்.

நீங்கள் வந்து இறங்கியிருப்பது சாதாரணக் கவுண்டி இல்லை. மேயோ கடைசியாக அகில அயர்லாந்து கோப்பையை, அதாவது சாம் மாகுவயர் கோப்பையை, வென்றது 1951-ல். 1989 முதல் 2021 வரை பதினோரு இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறார்கள். 2013, 2016 மறு ஆட்டம், 2017 மூன்றும் டப்ளினிடம், மூன்றும் ஒரே ஒரு பாயிண்டில். 1951-ல் ஜெயித்து ஊர் திரும்பிய அணி ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சவ ஊர்வலத்தை மதிக்காமல் கடந்து போனது, அந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மேயோ ஜெயிக்காது என்று ஒரு பாதிரியார் சபித்தார் என்று கதை சொல்வார்கள். அந்த அணியில் கடைசியாக இருந்த பேடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் காலமானார். கோப்பை இன்னும் வரவில்லை. டப்ளின் பத்திரிகைகளுக்கு இந்தச் சாபக் கதை ரொம்பப் பிடிக்கும். இங்கே பல பேருக்கு அலுத்துப்போய்விட்டது. நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். 2017 ஆட்டம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். டீ ஆறிப்போகும்வரை சொல்வார்கள்.

ஸ்கோர் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கோல் கம்பங்கள் ஆங்கில ‘எச்’ எழுத்து வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட், வெள்ளைக் கொடி. கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று பாயிண்ட், பச்சைக் கொடி. 2025 முதல் இன்னொன்று சேர்ந்திருக்கிறது: கோலிலிருந்து 40 மீட்டரில் போட்டிருக்கும் வளைவுக்கு வெளியே நின்று மேலே அடித்தால் இரண்டு பாயிண்ட், ஆரஞ்சுக் கொடி. ஸ்கோரில் முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட். 2016 இறுதி ஆட்டத்தின் முதல் சந்திப்பு டப்ளின் 2-9, மேயோ 0-15 என்று முடிந்தது. இரண்டும் பதினைந்துதான், சமநிலை. டப்ளினின் அந்த இரண்டு கோல்களும் மேயோக்காரர்கள் தங்கள் வலைக்குள் தாங்களே விட்டவை. டப்ளினின் எந்த ஆட்டக்காரரும் ஒரு கோல்கூட அடிக்காமல் டப்ளினுக்கு இரண்டு கோல். இதைச் சொல்லும்போது ஏன் அவர்கள் முகம் மாறுகிறது என்று இப்போது புரியும்.

மற்ற விதிகள் பார்க்கப் பார்க்க வந்துவிடும். ஒரு பக்கம் பதினைந்து பேர், கவுண்டி ஆட்டம் எழுபது நிமிடம். பந்தைக் கையில் வைத்து நாலு காலடிக்கு மேல் ஓட முடியாது. தரையில் ஒரு தட்டு, அல்லது காலால் தட்டிக் கைக்கே கொண்டுவர வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை தரையில் தட்டக் கூடாது. கையால் பாஸ் கொடுக்கலாம், ஆனால் எறியக் கூடாது. அடித்துத்தான் அனுப்ப வேண்டும்.

வியூகம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. உங்களுக்கும் பிடிக்கும், கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆட்டத்துக்குள் இருக்கும் ஆட்டம் சீக்கிரம் பிடிபடும்.

2011, 2012 வாக்கில் டோனிகால் கவுண்டியின் பயிற்சியாளர் ஜிம் மெக்கின்னஸ் எதிரணிக்குப் பந்து போனதும் கிட்டத்தட்ட மொத்த அணியையும் தன் கோலுக்கு முன்னால் இறக்கிவிட்டார். 2011 அரையிறுதியில் டப்ளின் 0-8, டோனிகால் 0-6. எழுபது நிமிடத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து பதினாலே பாயிண்ட். நாடு முழுக்கத் திட்டினார்கள். அடுத்த வருடம் அதே டோனிகால் இறுதி ஆட்டத்தில் மேயோவை வென்று கோப்பையைக் கொண்டுபோனது. மைக்கேல் மர்ஃபி ஆரம்ப நிமிடங்களிலேயே அடித்த கோலை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்புறம் எல்லா அணியும் கூட்டமாகப் பின்னால் நிற்கப் பழகிவிட்டது. கையால் பக்கவாட்டில் பாஸ், திரும்பப் பாஸ் என்று ஆட்டம் நகராமல் கிடந்த வருடங்கள் உண்டு. நான் அந்தக் காலத்தில் சில மேட்சுகளைப் பாதியில் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபடி பார்த்திருக்கிறேன்.

டப்ளின் அதைத் தாண்டியது கிக்-அவுட்டை, அதாவது கோல்கீப்பர் பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவதை, வைத்து. ஸ்டீஃபன் கிளக்ஸ்டன் என்கிற கோல்கீப்பர், எதிரணி நிலைகொள்வதற்குள் ஆளில்லாத இடம் பார்த்துப் பந்தை இறக்கிவிடுவார். பந்து உதைக்கிறவர்தான் தாக்குதலைத் தொடங்குகிறவர் என்று ஆகிவிட்டது. 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு வருடம் டப்ளினுக்கே கோப்பை. அந்த வருடங்களில் அவர்களை விளிம்புவரை தள்ளியது மேயோதான். லீ கீகன் மாதிரி ஆட்கள் காப்பு வரிசையிலிருந்து புயலாக ஓடிவந்து பாயிண்ட் அடிப்பதுதான் மேயோவின் ஆட்டம். இன்றைக்கும் இந்த ஊர்க் கூட்டம் அப்படி ஒரு ஓட்டத்துக்குத்தான் எழுந்து நிற்கும்.

2025-ல் விதிகளைப் பெரிதாக மாற்றினார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் ஜிம் கேவின், டப்ளின் அந்த வெற்றிகளில் பெரும்பாலானவற்றைப் பெற்றபோது பயிற்சியாளராக இருந்தவர். இப்போது ஒவ்வொரு அணியும் எப்போதும் மூன்று பேரை எதிர்ப் பாதியில் விட்டுவைக்க வேண்டும். அதனால் கூட்டமாகப் பின்னால் போக முடியாது. கிக்-அவுட் 40 மீட்டர் வளைவைத் தாண்டியே ஆக வேண்டும்; அதனால் நடு மைதானத்தில் உயரத்தில் எம்பிப் பந்து பிடிக்கும் பழைய கலை திரும்ப வந்துவிட்டது. நடுவரோடு வாயாடினாலோ, தவறு செய்துவிட்டுப் பந்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தாலோ, அவர் பந்தை 50 மீட்டர் முன்னால் கொண்டுபோய்விடுவார். அதனால்தான் தவறு செய்தவரே பந்தை மரியாதையாக எதிராளி கையில் கொடுப்பதைப் பார்ப்பீர்கள். இந்த மாற்றம் நல்லதா என்று கேன்டீனில் இன்னும் வாதம் நடக்கும். என்னைக் கேட்டால் ஆட்டத்துக்கு உயிர் வந்திருக்கிறது. அந்த வருட இறுதியில் கெர்ரி 1-26, டோனிகால் 0-19. 2011-ன் பதினாலு பாயிண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஞாயிறு மக்ஹேல் பார்க்கில் முதலில் காற்றைக் கவனியுங்கள். அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் காற்று சில நாள் ஒரு முனைக்கு நேராக வீசும். இரண்டு பாயிண்ட் விதி வந்த பிறகு காற்று முதுகில் இருக்கும் பாதி தங்கம். காற்றோடு ஆடிய அணி இடைவேளையில் ஐந்து பாயிண்ட் முன்னால் இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் பெரியவர் தலையை ஆட்டி ‘போதாது’ என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்புறம், கோல்கீப்பர் உதைக்கப் போகும் ஒவ்வொரு முறையும் பந்தைப் பார்க்காமல் நடுவில் நிற்பவர்களைப் பாருங்கள். யார் யாருக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்க ஓடுகிறார்கள், யார் கடைசி நொடியில் திசை மாற்றுகிறார் என்று. மேட்சின் பாதிக் கதை அங்கேதான் நடக்கும். பந்து மேலே போனதும் கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்பயரைப் பாருங்கள். அவர் ஒரு கணம் நிமிர்ந்து நிற்பார், கை கொடியை நோக்கிக் குனியும். அந்தக் குனிதல் தெரிந்த உடனேயே, கொடி எழும்புவதற்கு முன்பே, கூட்டம் கத்திவிடும்.

டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஆன்லைனில் கிடைக்கும், சில சூப்பர்வேல்யு, சென்ட்ரா கடைகளிலும் கிடைக்கும். குழந்தைகளுக்கு ரொம்பக் குறைவு. அகில அயர்லாந்து இறுதி ஆட்ட டிக்கெட் மட்டும் வேறு கணக்கு: அது பெரும்பாலும் கிளப்கள் வழியாகத்தான் வரும். கிளப் உறுப்பினராக இல்லாமல் அந்த டிக்கெட்டுக்கு ஆசைப்படுவது கஷ்டம். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், குடை வேண்டாம்.

இரண்டு அணி ரசிகர்களையும் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் இங்கே கிடையாது. கால்வேக்காரர் பக்கத்தில் மேயோக்காரர், அவருக்கு அடுத்து இன்னொரு கால்வேக்காரர். எழுபது நிமிடம் வாய் ஓயாது. முடிந்ததும் கை குலுக்கிக்கொள்வார்கள். மேயோ முன்னேறி டப்ளின் போனால் ஊரே கிளம்பும், நம் ஊரில் தேரோட்டத்துக்குக் கிளம்புகிற மாதிரி. காஸில்பாரிலிருந்து ஹியூஸ்டன் ஸ்டேஷனுக்கு ரயில் இருக்கிறது. காரில் போகிறவர்கள் வழியில் நிறுத்தி டிக்கியைத் திறந்து, ஃபிளாஸ்கில் டீ, அலுமினியத் தாளில் ஹாம் சாண்ட்விச். எங்கள் டிக்கியில் புளிசாதமும் அப்பளமும் இருக்கும். பக்கத்து காரிலிருந்து வந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. குரோக் பார்க்கில் ஹோகன் ஸ்டாண்ட் என்று ஒன்று பார்ப்பீர்கள். 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படைகள் மைதானத்தில் சுட்டு 14 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் டிப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அந்த மைதானத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதற்கு இங்குள்ளவர்கள் கொடுக்கும் கனம் அதிலிருந்து வருகிறது.

வெளியாள் விஷயம். எல்லோரும் தங்கமானவர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கசப்பான வார்த்தை எப்போதாவது காதில் விழலாம். விழுந்தால் பொறுத்துப் போகாதீர்கள், கிளப்பில் சொல்லுங்கள். ஆனால் பாகிஸ்தானில் பிறந்து பாலஹடெரீனில் வளர்ந்த ஷைரோஸ் அக்ரம் 2016-ல் மேயோவின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் அகில அயர்லாந்து வென்றார். அவரை இந்த ஊர் தன் பையனாகத்தான் பேசுகிறது. உங்களுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று கவலைப்படுகிறீர்கள். கிளப் டீக்கடையில் ஒரு சனிக்கிழமை தட்டு கழுவ நின்றால், அடுத்த வாரம் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மகளைத் தாராளமாகச் சேருங்கள். பெண் குழந்தைகளுக்குத் தனி அமைப்பே இருக்கிறது. மேயோ பெண்கள் 1999, 2000, 2002, 2003 என்று நான்கு முறை அகில அயர்லாந்து வென்றவர்கள். அந்த அணியின் கோரா ஸ்டாண்டன் பெயரை இங்கே எந்தச் சிறுமியைக் கேட்டாலும் சொல்வாள். வாரத்தில் ஒரு நாள் பயிற்சி, கோடை விடுமுறையில் ‘கூல் கேம்ப்’ என்று ஒரு வாரப் பயிற்சி முகாம். எட்டு வயதில் யாரும் ஸ்கோர் கணக்கு வைத்துக் குழந்தையை வாட்ட மாட்டார்கள். பூட்ஸ் புதிதாக வாங்க வேண்டியதில்லை, கிளப்பில் மற்ற பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன ஜோடி எப்போதும் இருக்கும். பல் காப்பு மட்டும் கட்டாயம், அதை மருந்துக்கடையில் முதல் நாளே வாங்கி, வெந்நீரில் போட்டு அவள் பல்லுக்கு ஏற்றபடி அழுத்திவைத்துவிடுங்கள். அது இல்லாமல் போனால் பயிற்சியாளர் உள்ளே விடமாட்டார்.