குழந்தையின் நாக்கில் வெள்ளைப் படிவு திரும்பத் திரும்ப வந்தால் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும்) மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. உங்கள் 4 வயது மகனின் நாக்கில் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைச் சொட்டு விட்டதும் மறைந்து மூன்றாம் முறையாகத் திரும்பியிருக்கும் வெள்ளைப் படிவுக்கு ஏ.ஆர்.டி. மருந்து காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு; அம்மருந்து இடையிடையே தவறிப்போய், வைரஸ் அளவு ஏறி, எதிர்ப்புச் சக்தி இறங்கியிருப்பதே காரணமாக இருக்கலாம். படிவு மறைந்த அன்றே சொட்டு மருந்தை நிறுத்துவதாலும் அது மீண்டும் வரும். மறைந்த பிறகும் குறைந்தது 2 நாள் சொட்டு மருந்தைத் தொடர வேண்டும்.

சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தயிர்த் திப்பிபோல் உரிந்து வந்து, அடியில் சிவந்த புண் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சிவப்பே இல்லாமல் போய்விட்டால், பெரும்பாலும் அது பால் படிவுதான். நாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அசையாவிட்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

எப்படியிருந்தாலும் ஏ.ஆர்.டி. மையத்தில் இதைச் சொல்லி, வைரஸ் அளவையும் சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி அணுக்கள்) எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். தவறிய வேளைகளை மறைக்க வேண்டாம். திட்டு விழுமோ என்று பலரும் மறைக்கிறார்கள், அதனால் மருத்துவர் தவறான இடத்தில் காரணம் தேடுகிறார்.

நிஸ்டாட்டின் திரவத்தில் பெரும்பாலும் சர்க்கரை இருப்பதால், கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கி விடுங்கள்.

விழுங்கும்போது அழுதாலோ சாப்பிட மறுத்தாலோ தொற்று உணவுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். அன்றே அழைத்துச் செல்லுங்கள். ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், நெவிரபின் போன்ற ஏ.ஆர்.டி. மருந்துகளோடு அது மோதும்.