வாடகை வீட்டில் பெயின்ட் அடிக்க அனுமதி இல்லை, எல்லாச் சுவரும் வெள்ளை. ஹாலுக்குக் கொஞ்சம் வண்ணம் கொண்டுவருவது எப்படி?

சுவரை விட்டுவிடுங்கள். கெஞ்சி அனுமதி வாங்கி ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் அடித்தாலும், காலி செய்யும்போது அதை மாற்றும் செலவு அட்வான்ஸில்தான் கழியும்.

என்னைக் கேட்டால், நம் ஹால்களில் வண்ணத்துக்குப் பஞ்சமே இல்லை. நீல பிளாஸ்டிக் நாற்காலி, பச்சை பீரோ, ஜவுளிக்கடைக் காலண்டர், ஷோகேஸில் துணிப்பூ என்று ஏற்கெனவே சந்தைக்கடை. அதில் கடுகு மஞ்சள் குஷன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? முதலில் நகர்த்த முடிந்ததை உள்ளே நகர்த்துங்கள். காலண்டர் சமையலறைக்குப் போகட்டும், ராகுகாலம் அங்கேயும் பார்க்கலாம்.

அப்புறம் தரை. செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள்: சுண்ணாம்பு பூசி மெருகேற்றிய வெள்ளைச் சுவர், கீழே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஆத்தங்குடி கல். சுவர் அடங்கியிருப்பதால்தான் தரை பேசுகிறது. வாடகை வீட்டில் கல் பதிக்க முடியாது. பவானி ஜமக்காளம் விரிக்கலாம். முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்தது, வெளிறிய டைல்ஸ் மேல் பளிச்சென்று தெரியும். அதிலுள்ள ஒரே ஒரு பட்டையின் நிறத்தை, பச்சை என்று வையுங்கள், எடுத்துக்கொண்டு இரண்டு குஷன் உறையிலும் எதிர்மூலையில் ஒரு பூந்தொட்டியிலும் திரும்பக் காட்டுங்கள். அவ்வளவு போதும். அலங்கார நிபுணர்கள் 60-30-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பின்னணி நிறம் 60 சதவீதம், துணைநிறம் 30, எடுப்பான நிறம் 10. டேப் பிடித்து அளக்க வேண்டாம், அந்தப் பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பலரும் கவனிக்காதது விளக்கு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 6500 கெல்வின் வெள்ளை டியூப் வெளிச்சத்தில் சிவப்பு களையிழக்கும், கடுகு மஞ்சள் பச்சையடிக்கும். 3000 அல்லது 4000 கெல்வின் எல்இடி போடுங்கள். எண் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். துணியை மட்டும் கடை விளக்கை நம்பி வாங்காதீர்கள், வாசலுக்கு எடுத்துவந்து பாருங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் சாயம் சீக்கிரம் வெளுக்கும். ஜமக்காளத்தை அவ்வப்போது திருப்பிப் போடுங்கள், அடியிலும் அதே பட்டைதான் இருக்கும். முதல் சலவையில் மட்டும் வெள்ளைத்துணியோடு சேர்த்து ஊறவைத்துவிடாதீர்கள்.