கார்புரேட்டர் எஞ்சினுக்கு வீட்டிலேயே டர்போ பொருத்த முடியுமா?

உங்களிடம் தொண்ணூறுகளில் வந்த, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) உள்ள மாருதி 800 இருக்கிறது; பெங்களூரு சிவாஜி நகர் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு சிறிய டீசல் காரின் டர்போவை, அதாவது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியை, பார்த்து வைத்திருக்கிறீர்கள்; அதை வீட்டிலேயே பொருத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அல்சூரில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் அதே வகை வண்டியில் நான் பொருத்தியிருக்கிறேன். முதல் எஞ்சின் அதில் பாழானது, இரண்டாவது நன்றாக ஓடியது. டர்போவைத் தாங்கும் மேனிஃபோல்டைப் (எஞ்சினின் புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) பற்றியே நீங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதை ஒரு நல்ல வெல்டர் இரண்டு நாளில் செய்து தந்துவிடுவார். வேலையின் பெரும்பகுதி பெட்ரோலைச் சுற்றியே இருக்கிறது.

கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைப்பது ஒரு வழி, பின்னால் வைப்பது மற்றொரு வழி. முன்னால் வைத்தால் கார்புரேட்டர் வழக்கம்போல் உறிஞ்சப்படும் காற்றில் வேலை செய்யும் என்பதால் அதில் பெரிய மாற்றம் தேவையில்லை. அமெரிக்காவில் 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இந்த முறையில் அமைந்ததுதான். நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிப்பதை, தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து செலுத்தினார்கள். ஆனால் இந்த முறையில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் தடுப்பு) மூடும்போதெல்லாம் டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசருக்குள் வெற்றிடம் உண்டாகி, பேரிங்கில் உள்ள ஆயிலை உள்ளே இழுக்கும். அதைத் தடுக்கும் கார்பன் சீல் டீசல் டர்போக்களில் பொதுவாக இருக்காது. பெட்ரோல் கலந்த காற்று கம்ப்ரசர் வழியாகப் போவதால் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வைக்கக் கூடாது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டர்போவுக்கு இந்த வழி ஒத்துவராது.

எனவே டர்போ அழுத்திய காற்றைக் கார்புரேட்டரின் வாய்க்குள் செலுத்தும் இரண்டாவது வழிக்கு வருவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் ரெனோ 5 டர்போ கார்கள் சிலவும் லோட்டஸ் எஸ்ப்ரி டர்போவும் இப்படித்தான் ஓடின. இங்கேதான் நான் முதலில் தவறு செய்தேன். மாருதி 800இல் பெட்ரோலை அனுப்புவது கேம்ஷாஃப்டால் இயங்கும் சாதாரண டயஃப்ரம் பம்ப். இத்தகைய பம்புகள் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) அழுத்தத்தில்தான் பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்துக்குள் ஐந்து பி.எஸ்.ஐ. பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வந்து நின்றால் பெட்ரோல் எப்படி உள்ளே நுழையும்? எஞ்சினுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டிய அதே நொடியில் வரத்து நின்றுபோகிறது. கிண்ணத்துக்குப் பூஸ்ட் போகாமல் விட்டாலும் பயனில்லை. கார்புரேட்டரில் காற்று ஓடும் குறுகிய பகுதியான வென்ச்சுரியின் அழுத்தம் கிண்ணத்தைவிட உயர்ந்து, ஜெட் என்னும் சிறு துளை வழியாகப் பெட்ரோல் வரவே வராது. ஆகவே கிண்ணத்தின் காற்றுத் துளையும் அதே பூஸ்டோடு இணைய வேண்டும். பெட்ரோல் அழுத்தமும் பூஸ்ட் ஏற ஏற அதே அளவு உடன் ஏற வேண்டும். இதற்கு மின்சாரப் பம்பும், பூஸ்ட் குழாய் இணைக்கப்பட்ட ரெகுலேட்டரும், மிச்சப் பெட்ரோல் டாங்குக்குத் திரும்பும் குழாயும் தேவை. சிவாஜி நகரில் கார்புரேட்டர் மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவர், "முதல்ல பெட்ரோல் போவுதான்னு பாருங்க தம்பி, காத்தை அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். நான் காற்றை முதலில் பார்த்தேன்.

நந்தி மலை ஏற்றத்தில், இரண்டாவது கியரில், வண்டி மிக அழகாக இழுத்துக்கொண்டு போனது. பிறகு எஞ்சினிலிருந்து தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போன்ற ஒலி சில நொடிகள் கேட்டது. அதன்பின் நீலப் புகை. வீட்டுக்கு இழுத்து வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத் தூளைத் தூவியது போல் நுண்ணிய புள்ளிகள் இருந்தன, அவற்றில் சில வெளிச்சத்தில் மின்னின. மின்னியவை பிஸ்டனிலிருந்து உருகிவந்த அலுமினியம். ஹெட்டைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தபோது, நடு சிலிண்டரின் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலுள்ள விளிம்பு விரல்நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. பெட்ரோல் குறைந்த கலவையும், மாற்றாமல் விட்ட இக்னிஷன் டைமிங்கும் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) சேர்ந்து செய்த வேலை அது.

இரண்டாவது எஞ்சினில் பூஸ்டின்போது காற்று–பெட்ரோல் விகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்பது) பன்னிரண்டுக்கு மேல் போகாதபடி ஜெட்களை மாற்றினேன். இதைக் காதால் கேட்டோ புகையின் நிறம் பார்த்தோ செய்ய முடியாது. சைலன்சர் குழாயில், புகையிலிருந்து இந்த விகிதத்தைக் கணித்துக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சர் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி என்று டைமிங்கைப் பின்தள்ளினேன். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு என்பதால் ஐந்து பி.எஸ்.ஐ.க்கு மேல் போக நான் துணியவில்லை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்த ஐந்தில் ஏறத்தாழ ஒன்றரை இந்த உயரத்தில் இழந்ததை ஈடுகட்டவே போய்விடும்.

டர்போவிலிருந்து ஆயில் நுரையாக, புவியீர்ப்பால் மட்டுமே கீழே இறங்குகிறது. அதன் குழாய் கட்டைவிரல் பருமனில், வளைவின்றி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். த்ராட்டில் தண்டின் இரு முனைகளையும் கவனியுங்கள். சாதாரண வண்டியில் அந்தத் தேய்ந்த இடைவெளி காற்றை உள்ளே இழுக்கும்; பூஸ்டில் அதே இடைவெளி பெட்ரோல் ஆவியைச் சூடான டர்போவுக்கு அருகில் வெளியே தள்ளும். தண்டுக்குச் சீல் போடாமலும், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டீசல் டர்போவின் டர்பைன் கூடு (புகை பாயும் பகுதியின் வெளிக்கூடு) பெட்ரோல் எஞ்சினின் அதிக வெப்பத்துக்காக வார்க்கப்பட்டதல்ல என்பதால் அதில் விரிசல் விழுகிறதா என்றும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. நான் பொதுச் சாலையில் ஓட்டியது தவறு. இப்போது அந்த வண்டி தனியார் வளாகத்துக்குள் மட்டுமே ஓடுகிறது.

அலுவலகத்துக்கும் இதே காரில்தான் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எஞ்சினை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய எஞ்சின் ஒன்றைத் தனியாக வாங்கி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். முதலில் சென்சர், அடுத்து பம்பும் ரெகுலேட்டரும் வாங்கி, பூஸ்ட் இல்லாமலேயே பெட்ரோல் அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். அது நின்ற பிறகு டர்போவுக்குப் பணம் கொடுத்தால் போதும்.