சீலாவா வஞ்சிரமா: குரூப் அட்மினிடம் கேட்டவை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ளவர்களும், இங்கிருந்து துபாய், தம்மாம் என்று போனவர்களுமாக 200 சொச்சம் பேர் இருக்கிற வாட்ஸப் குரூப்புக்கு 9 வருஷமாக அட்மின். மற்ற ஊர்களில் குரூப் நடத்துகிறவர்கள் தனித்தனியாக போன் போட்டுக் கேட்கிறார்கள். நாலு நாளாகக் காற்று, படகு எதுவும் போகவில்லை, கடையில் ஈ ஓட்டுகிறேன். அதனால் வந்த கேள்விகளுக்கெல்லாம் மொத்தமாக இங்கேயே பதில்.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி: காலையில் நாற்பது குட்மார்னிங் படம் வருது, அப்புறம் ராத்திரி வரை ஒரு சத்தமும் இல்லை. என்ன செய்யலாம் அண்ணே?

படம் போடுகிறவரைத் திட்டாதே, அவராவது உயிரோடு இருக்கிறேன் என்று சொல்கிறார். பேச்சு கிளம்ப வேண்டும் என்றால் எல்லோரும் வாயைத் திறக்கக்கூடிய, யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சண்டை வேண்டும். எங்கள் குரூப்பும் ஒரு வருஷம் தூங்கிக் கிடந்ததுதான். ஒருநாள் சென்னையில் வேலை பார்க்கும் பையன் ஒருத்தன், "சீலா வாங்கினேன், ருசியே இல்லை" என்று படம் போட்டான். படத்தில் இருந்தது ஊளி. நாம் சீலா என்பதை அங்கே வஞ்சிரம் என்பார்கள், அங்கே போய் சீலா கேட்டால் ஊளியைத்தான் வெட்டித் தருவார்கள். அவ்வளவுதான், கடற்கரைப் பிள்ளைக்கு மீன் தெரியலை என்று ஆரம்பித்து அவன் தாத்தா வரைக்கும் இழுத்துவிட்டார்கள். ராத்திரி 1 மணிக்கு தம்மாமிலிருந்து ஒருத்தர் (அங்கே அப்போது பத்தரை) வந்து, குழம்புக்கு முண்டு மிளகாயா நீள மிளகாயா என்று அடுத்ததைக் கிளப்பினார். அது இன்னும் தீரவில்லை.

ஏர்வாடி: கிண்டலை எதுவரைக்கும் விடலாம்?

கிண்டல் பட்டவன் திருப்பி அடிக்கிறானா என்று பாருங்கள், அதுதான் என் கணக்கு. எங்களிடம் ஒருத்தன், பரம்பரையே கடல், இவனுக்கு மட்டும் வல்லத்தில் (நாட்டுப் படகில்) ஏறினால் வாந்தி. 'கரையாளர்' என்று பேர் வைத்தார்கள். கடல் எந்தப் பக்கம் என்று அவனிடம் கேட்பார்கள், அவனும் "எனக்கு மார்க்கெட் இருக்கும் பக்கம்தான் தெரியும்" என்பான். அது ஓடட்டும்.

ஆனால் ஒரு தடவை நான் கோட்டை விட்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, 61 நாள். அந்தச் சமயத்தில் பாம்பன் பக்கத்து ஆள் ஒருவர் வண்டியை அடகு வைத்துவிட்டு சைக்கிளில் போனதைப் பார்த்து யாரோ, "அண்ணன் உடம்பைக் குறைக்கிறார்" என்று போட்டான். முப்பது பேர் சிரித்தார்கள். முப்பத்தொன்றாவது ஆள் நான். அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து 'வெளியேறினார்' என்று சாம்பல் எழுத்தில் ஒரு வரி வந்தது, அதையும் யாரும் கவனிக்கவில்லை. நான் நேரில் போனேன். டீ கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், குரூப் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. திரும்பச் சேர எட்டு மாதம் ஆனது. கடன், பிள்ளை இல்லாதது, வேலை போனது, இந்த மூன்றும் அன்றிலிருந்து எங்கள் குரூப்பில் கிண்டலுக்கு ஆகாது.

கீழக்கரை, இப்போது துபாய்: வெளியூர்க்காரர்கள் நம்ம மாவட்டத்தை 'தண்ணியில்லாக் காடு' என்றால் கோபம் வருது காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்).

உங்கள் ஊர்த் தொதல் அல்வாவில் ஒரு துண்டைக் கையில் கொடுங்கள். மென்று முடித்து வாயைத் திறக்க நேரமாகும், அதற்குள் பேச்சு மாறிவிடும். நமக்குள் நாமே அதைச் சொல்லிச் சிரிக்காத நாள் உண்டா?

பாம்பன்: புயல் என்றால் வதந்தி அள்ளிக்கொண்டு வருது. எப்படி நிறுத்துவது?

இது முக்கியம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஒரு புயல் சமயத்தில் "பாம்பனில் பத்தாம் நம்பர் கூண்டு ஏற்றியாச்சு" என்று குரல் பதிவு ஒன்று வந்தது. பத்தாம் நம்பர் என்றால் சும்மா இல்லை. 1, 2 என்றால் புயல் தூரக் கடலில். 3, 4 என்றால் துறைமுகத்திலேயே காற்று பலக்கும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைக் கண்ணால் பார்த்த கிழவிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்கள் காதில் இந்தப் பதிவு விழுந்தால் என்ன ஆகும்? உறுப்பினர் ஒருத்தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான், தொங்கியது 3.

அதிலிருந்து, காற்று கிளம்பினாலே அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றிவிடுவேன். வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு மட்டும் வரும். பலமுறை பகிரப்பட்டது என்று இரட்டை அம்புக்குறியோடு வருவதை யார் போட்டாலும், என் மாமனாராக இருந்தாலும், அழித்துவிடுவேன். ஒரு தடவை அவருடையதையும் அழித்தேன், அந்த வாரம் வீட்டில் சோறு சூடாகக் கிடைக்கவில்லை.

தேவிபட்டினம்: யாராவது தப்பாகப் போட்டால் அட்மினைப் பிடிப்பார்களாமே?

அட்மின் என்கிற ஒரே காரணத்துக்காக, இன்னொருத்தர் போட்டதற்குப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். அழிக்கிற வசதி கையில் இருக்கிறது.

ராமேஸ்வரம்: இலங்கையில் படகு பிடிபட்டால் உடனே குரூப்பில் போடலாமா?

படகு பிடிபட்டது என்று போடலாம். யார் யார் இருந்தார்கள் என்று பேரும் படமும் போடக்கூடாது, வீட்டுக்குச் சேதி போய்ச் சேரும் வரை. ஒரு பெண் தன் புருஷன் பிடிபட்டதைப் பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். போதும் அது. படகு திரும்பவில்லை என்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, இந்த இரண்டையும் குரூப் விவரத்தின் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள்.

சின்னப்பாலத்திலிருந்து ஒரு அக்கா: நாங்கள் கடல்பாசி எடுக்கிறவங்க பத்துப் பேர் உங்க குரூப்பில் இருக்கோம். பேசவே தோணலை, ஏன்னு யாரும் கேட்கலை.

நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, நானும் கேட்கவில்லை. விசாரித்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ராத்திரி பத்துக்கு மேல் வருகிற சில ஸ்டிக்கர்கள் ஒன்று. உங்கள் நம்பரைப் பார்த்து ஆம்பளைகள் தனியாக 'ஹாய்' அனுப்புவது இன்னொன்று. அனுப்பிய இரண்டு பேரை எடுத்துவிட்டேன், ஒருத்தன் எனக்கு வேண்டியவன். டைப் பண்ண வேண்டாம், குரலிலேயே பேசுங்கள். தீவுப் பக்கம் தண்ணீர் எப்படி என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

உச்சிப்புளி: நடுராத்திரி ஒருத்தர் "எல்லாம் வெறுத்துப்போச்சு, போதும்" என்று போட்டார். யாரும் ஒன்றும் சொல்லலை. என்ன செய்திருக்கணும்?

விளையாட்டு என்று நினைக்காதீர்கள், குரூப்பில் புத்திமதியும் சொல்லாதீர்கள். எங்களுக்கும் இப்படி நடந்தது. அதைப் பார்த்தது தம்மாமில் நைட் ஷிப்டில் இருந்தவர். அவர் குரூப்பில் எதுவும் எழுதாமல் அதைப் போட்டவனுக்கே நேராக போன் அடித்தார், பேச்சை விடாமல் வைத்துக்கொண்டே இன்னொரு போனில் என்னை எழுப்பினார். நானும் இன்னொருத்தனும் போய்ச் சேர்ந்தபோது திண்ணையில் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். பழைய கிண்டலைத்தானாம், ஊளி சண்டையை. காலையில் 14416-க்கு அவனே பேசினான். டெலி மானஸ், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்தச் செய்தியை அவன் அனுமதியோடு அழித்தேன். யாரும் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வாலிநோக்கம்: நேரில் கூடுவீர்களா?

போன தடைக்காலத்தில் அரியமான் கடற்கரையில் கூடினோம். முப்பது பேர் வந்தார்கள். குரூப்பில் ஒரு நாளைக்கு ஐம்பது மெசேஜ் போடுகிற ஆள் ஒருத்தர் இருக்கிறார், வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்று எல்லோரும் பயந்தோம். அவர் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சவுக்கு நிழலில் குத்த வைத்து, அத்தனை பேருக்கும் மீன் அரிந்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் "அருமையா இருந்துச்சு மாப்ளைகளா" என்று குரூப்பில் போட்டார்.