‘எக்ஸ்பஞ்ச்’ என்பதை ‘அழித்தல்’ என்று எழுதலாமா?

நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மொழிபெயர்க்கும் நண்பர், ஓர் அதிகாரியைப் பற்றிக் கீழமை நீதிமன்றம் எழுதிய கடுமையான கருத்துகளை உயர் நீதிமன்றம் ‘எக்ஸ்பஞ்ச்’ (expunge, அதாவது பதிவிலிருந்து நீக்குதல்) செய்ததாக வரும் இடத்தில் ‘அழித்தது’ என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறார். எழுதக் கூடாது என்பதே என் கருத்து.

இந்தச் சொல்லுக்குள் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன: முறைப்படி வைக்கப்பட்ட ஒரு பதிவு இருக்க வேண்டும், அதில் கை வைக்க அதிகாரம் உள்ள ஒருவர் ஆணையிட வேண்டும், ஆணைக்குப் பிறகு அந்தப் பகுதி பதிவில் இல்லாததாகவே கொள்ளப்பட வேண்டும். எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும் என்பது இவற்றில் இல்லை. ‘அழித்தல்’ என்ற நம் சொல்லோ முதலில் குறிப்பது அதைத்தான். சிலேட்டில் எழுதியதைக் குழந்தை அழிக்கிறது. அதை யாரும் ‘எக்ஸ்பஞ்ச்’ என்று சொல்வதில்லை.

இந்த வேறுபாட்டை நான் அகராதியில் கற்கவில்லை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-ஆம் ஆண்டுக்கு முன்பே, பழைய தருமபுரி மாவட்டத்தின் தாலுகா அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி எனக்கு முதல் முறையாக வந்தது; அதற்குக் கணக்குகளைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, நிலத்தையும் பயிரையும் பற்றிய கிராமக் கணக்கான அடங்கலின் நகலில் ஒரு புல எண்ணுக்கு எதிரே பரப்பைத் தவறாக எழுதிவிட்டேன். பிளேடால் மெல்லச் சுரண்டி, அதே இடத்தில் சரியான பரப்பை எழுதி, யாருக்கும் தெரியாது என்று மகிழ்ந்தும் போனேன். தலைமை எழுத்தர் தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “தப்பா எழுதுனது குத்தமில்லப்பா, சுரண்டுனதுதான் குத்தம். இங்க முன்ன என்ன இருந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா யாரு பதில் சொல்லுவா?” என்றார். பிறகு இன்னொரு தாளில் செய்து காட்டினார்: தவறான எண்ணின் மேல் சிவப்பு மையால் ஒரே கோடு, அதுவும் அடியில் இருப்பதைப் படிக்கும்படியாக, மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். அன்று அவர் கற்றுக்கொடுத்ததுதான் நண்பர் கேட்கும் சொல்லின் பொருள் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது.

சொல்லின் பிறப்பும் இதற்குச் சான்று. இலத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘புங்கெரே’ என்றால் குத்துதல். ஐரோப்பாவில் ஏட்டுப் பிரதி எடுத்தவர்கள், தோலில் எழுதிய எழுத்து பிழையாகிவிட்டால் பல நேரங்களில் அதைச் சுரண்டாமல், அதன் அடியில் புள்ளிகள் வைத்து, ‘இதைப் படிக்காமல் விடுக’ என்று உணர்த்தினார்கள். குத்தி நீக்குவது என்பது அந்தப் புள்ளிதான். ‘ஸ்பாஞ்ச்’ வைத்துத் துடைப்பதோடு இதைத் தொடர்புபடுத்துவது ஒலி ஒற்றுமையால் வந்த மயக்கம். தமிழருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. ‘க’ என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அதிலிருக்கும் அகர ஒலி நீங்கிவிடுகிறது, எழுத்தின் வடிவமோ அப்படியே நிற்கிறது. ஓலையிலும் இதே நிலைதான்: எழுத்தாணியால் கீறியதைத் துடைக்க வழியில்லாததால், பிழையான எழுத்தின் மேல் கோடு கீறிவிட்டுத் தொடர்ந்து எழுத வேண்டியிருந்தது. பத்திரங்களில் இன்றும் நாம் சொல்லும் ‘அடித்தல் திருத்தல்’ என்ற தொடரில் உள்ள ‘அடித்தல்’ இந்தக் கோடு போடும் செயலையே குறிக்கிறது. சுரண்டலோ அடித்தலோ வரிகளுக்கு இடையே சேர்த்து எழுதியதோ இருந்தால், எழுதிக் கொடுத்தவர் அந்த இடத்தில் கையொப்பமிட்டு உறுதி செய்யாதவரை ஆவணத்தை ஏற்க மறுக்கலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு கூறுவதும் இந்த எச்சரிக்கையால்தான்.

எனக்குத் தெரிந்தவரை இந்தச் சொல்லுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டுச் செனட் சபை 1834-ஆம் ஆண்டு மார்ச் மாதம் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு அவருடைய ஆதரவாளர்கள் பெரும்பான்மை பெற்று, 1837-ஆம் ஆண்டு சனவரி 16 அன்று அந்தக் கண்டனத்தை ‘எக்ஸ்பஞ்ச்’ செய்ய வைத்தார்கள். செயலர் அவைக் குறிப்பேட்டை எடுத்துவந்து, பழைய தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் இட்டு, அதன் குறுக்கே ‘செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது’ என்று எழுதினார். தாள் கிழிக்கப்படவில்லை, மையும் ஊற்றப்படவில்லை. எது நீக்கப்பட்டது என்பதை இன்றும் அதில் படிக்கலாம். ஜாக்சனின் எதிரிகளுக்கும் ஆதரவாளர்களுக்கும் ஒருசேர நினைவுச் சின்னமாகிவிட்ட பக்கம் அது!

நம் மக்களவையில் 380-ஆவது விதி, அவதூறான, அநாகரிகமான, அவைக்கு ஒவ்வாத அல்லது கண்ணியமற்ற சொற்களை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்க ஆணையிடும் அதிகாரத்தைச் சபாநாயகருக்குத் தருகிறது. அச்சில் வரும்போது அந்த இடத்தில் உடுக்குறிகள் (நட்சத்திரக் குறிகள்) இருக்கும்; அடிக்குறிப்பில் அவைத் தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று இருக்கும். இங்கே சொற்கள் மறைகின்றன, ஆனால் நீக்கிய தடம் மறைவதில்லை. தமிழகச் சட்டமன்றத்தில் ‘அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது’ என்பது நன்கு பழகிய தொடர். ‘அவைக் குறிப்பில் ஏறாது’ என்று சபாநாயகர் சொல்வது வேறு. அது பதிவாவதற்கு முன்பே தடுப்பது. நாளிதழ்கள் இவ்விரண்டையும் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகின்றன.

ஓசூர்ப் பக்கம் மூன்று மொழிகள் காதில் விழுவதால் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டால் தெலுங்கு பேசுவோர் ‘கொட்டேசினாரு’ என்பார்கள். கன்னடத்தில் ‘ஹொடெது ஹாகு’ என்பது உண்டு. இரண்டும் நம் ‘அடித்துவிடு’ என்பதற்கு நேரான சொற்களே. கர்நாடகச் சட்டமன்றத்தில் ‘எக்ஸ்பஞ்ச்’ என்பதற்குக் ‘கடததிந்த தெகெது ஹாகி’, அதாவது ‘கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ‘கடத’ என்பது பழங்காலத்தில் புளியங்கொட்டைப் பசை தடவிக் கரியால் கறுப்பாக்கிய துணியை மடித்துச் செய்த கணக்கேடு. மாக்கல் குச்சியால் அதில் எழுதியதைத் துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம்.

‘அழித்தல்’ என்றே எழுத வேண்டிய இடங்களும் உண்டு. சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் தண்டனை தொடர்பான ஆவணங்களை மேல்முறையீட்டுக் காலத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று கூறும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சில கொடுங்குற்றங்களுக்கு மட்டும் விலக்கு வைத்துவிட்டு, அவற்றை அழிக்கவே சொல்கிறது. அங்கே பொருள் உண்மையான அழிப்புதான். கல்வெட்டுகளின் இறுதியில், இத்தருமத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமிட்டிருப்பதும் இப்படி உண்மையாகவே அழித்துவிடுவார்களோ என்ற அச்சத்தால்தான்.

‘ரத்து’ என்பதையும் இதனுடன் குழப்பக் கூடாது. ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்தாலும் பழைய பத்திரத்தின் பதிவு புத்தகத்தில் இருக்கும். வில்லங்கச் சான்றில் இரண்டு வரிகளும் வரும். அடமானக் கடனை அடைத்தவர்கள் “அந்த வரிய எடுத்துடுங்க சார்” என்று என்னிடமே வந்து கேட்டிருக்கிறார்கள். அடமானத்துக்கு ஒரு வரி, கடன் தீர்ந்த ரசீதுக்கு ஒரு வரி என்று இரண்டும் இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று புரியவைப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

ஆகவே நண்பர் தம் மொழிபெயர்ப்பில், ‘அந்த அதிகாரியைப் பற்றிக் கீழமை நீதிமன்றம் தெரிவித்திருந்த கருத்துகளைத் தீர்ப்பிலிருந்து நீக்கி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது’ என்று எழுதலாம். ‘தீர்ப்பிலிருந்து’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டாம். அது இல்லாமல் ‘கருத்துகள் நீக்கப்பட்டன’ என்று நின்றால், எதிலிருந்து என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும்.