லண்டன் யூலெஸ்: பழைய டீசல் காருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

லெஸ்டரிலிருந்து 2012 டீசல் காரில் சனி இரவு லண்டனின் ஹாரோவுக்கு வந்து, ஞாயிறு திரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். யூலெஸ் என்பது புகைத் தரத்தை எட்டாத வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் லண்டன் பகுதி. நாளுக்கு 12.50 பவுண்டு. இரண்டு நாளும் வண்டி ஓடுவதால் மொத்தம் 25.

கணக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: இரவு 11.50க்கு உள்ளே நுழைந்து 12.10க்கு வீட்டு வாசலில் நிறுத்தினாலும் இரண்டு நாள் கட்டணம்தான். நிறுத்தி வைத்த வண்டிக்குக் கிடையாது. ஆகவே சனிக்கிழமை வந்து, ஞாயிறு முழுக்க வண்டியைத் தொடாமல் திங்கள் கிளம்பினாலும் அதே 25தான்.

கட்டணமில்லாமல் போக, டீசலுக்கு யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும். பெரும்பாலும் 2015 செப்டம்பருக்குப் பின் பதிவானவை. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும், அதாவது ஏறக்குறைய 2006 முதல். அதனால் உங்கள் டீசலைவிட ஆறு வயது மூத்த பெட்ரோல் கார் இலவசமாகப் போகும்! எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில் பழைய டீசல்தான் பெரிய குற்றவாளி. வண்டி எண்ணை லண்டன் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

யூலெஸ் 2019இல் நகர மையத்தில் மட்டும் இருந்தது, 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் பரோக்கள் (உள்ளாட்சிப் பகுதிகள்) அத்தனைக்கும் வந்துவிட்டது. லண்டனைச் சுற்றிவரும் எம்25 நெடுஞ்சாலைக்குக் கட்டணம் இல்லை. கிறிஸ்துமஸ் தினம் தவிர விடுமுறை கிடையாது.

சுங்கச்சாவடி எதுவும் இருக்காது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். பயணத்துக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டுங்கள். தவறினால் 180 பவுண்டு அபராதம், 14 நாளில் கட்டினால் பாதி.