பழைய இர்வின் ஜாக்கெட்டுக்கு எண்ணெய் பூசலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) இர்வின் ஜாக்கெட் ஒன்றை, அதாவது விமானிகள் போட்ட செம்மறித் தோல் ஜாக்கெட்டை, ஏலத்தில் எடுத்தேன். தோல் விறைத்து, தோள்பட்டைத் தையலில் விரல் நீளம் கிழிந்திருக்கிறது. ‘நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) தேய்த்தால் இளகிவிடும், ஜிப்பையும் மாற்றித் தருகிறேன்’ என்கிறார் ஒரு டீலர். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

ரோமத்தோடு சேர்த்துப் பதனிட்ட செம்மறித் தோல் இது. ரோமக் குழிகளும் கொழுப்பும் நிறைந்த தோல் என்பதால் புதிதிலேயே மாட்டுத் தோல் அளவுக்கு உறுதி கிடையாது. 80 வருடத்தில் அதன் நார்கள் இற்றுப்போயிருக்கும். இற்ற நாரை எண்ணெய் ஒட்டவைக்காது. தேய்த்த அன்றைக்கு மெத்தென்று இருக்கும். விற்பவருக்கு அந்த ஒரு நாள் போதும். பிறகு எண்ணெய் உள்ளே இறங்கி ரோமம் மஞ்சளித்துப் பிசுபிசுக்கும், பூஞ்சை பிடிக்கும். இளகிய தோல் ஜாக்கெட்டின் கனம் தாங்காமல், ஊசித் துளைகளின் வரிசையிலேயே தபால்தலை போலக் கிழியும். இறங்கிய எண்ணெயை முழுதாக வெளியே எடுக்கவும் முடியாது. ஏலக்காரர்களோ ‘வயதுக்கேற்ற நல்ல நிலை’ என்று எழுதிக் கைகழுவிவிடுகிறார்கள். எண்ணெய் பட்டதா இல்லையா என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

கிழிசலில் திரும்ப ஊசி ஏற்றாதீர்கள். ஒவ்வொரு புதுத் துளையும் அடுத்த கிழிசல். தையல் கடைக்கு வேண்டாம், அருங்காட்சியகங்களுக்கு வேலை செய்யும் தோல் பராமரிப்பு வல்லுநரிடம் கொடுங்கள். ஜிப் இறுகியிருந்தால் திறந்தபடியே விடுங்கள். பழைய ஜிப் போனால் விலையும் இறங்கும்.

பிரிக்கக் கூடாத பழுதுபார்ப்பு ஒன்று உண்டு: போர்க்காலத்திலேயே போட்ட ஒட்டு. அசிங்கமாக இருந்தாலும் அது ஜாக்கெட்டின் வரலாறு. ‘சுத்தமாக்கித் தருகிறேன்’ என்று அதைப் பிரிப்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள். ஒட்டு போர்க்காலத்ததுதானா என்று சந்தேகமா? தானாகத் தொங்கும் நூலில் 1 செ.மீ. நறுக்கி, ஜாக்கெட்டை விட்டுத் தள்ளி நின்று கொளுத்துங்கள். பருத்தி, லினன் நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். உருகிக் கெட்டி மணியானால் அது பாலியஸ்டர் போன்ற செயற்கை நூல், பெரும்பாலும் பிற்கால வேலை. பாலியஸ்டரை பிரிட்டனில் கண்டுபிடித்ததே 1941-இல்தான், தையல் நூலாகக் கடைக்கு வந்தது போர் முடிந்த பிறகு. ஒட்டுத் தோலும் சுற்றியுள்ள தோலும் ஒரே மாதிரி வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நூல் மட்டும் புதிது, ஒட்டு பழையது என்றால் ஒட்டை விட்டுவைக்க வேண்டும்.

போட்டுக்கொள்ளாதீர்கள், மாட்டியும் வைக்காதீர்கள். கைகளுக்குள் அமிலமற்ற டிஷ்யூ காகிதம் திணித்து, படுக்கவைத்துப் பருத்தித் துணியால் மூடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். லாஃப்டும் (கூரைக்கு அடியிலுள்ள அறை) ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கும் கருவி) பக்கமும் ஆகாது. அந்துப்பூச்சி தெரிந்தால் பாச்சை உருண்டை போடாதீர்கள். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் அறையில் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் தோல்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.